ஐஸ் கம்பெனியில் அம்மோனியா கசிந்தால் அது எந்தச் சட்டம்? சட்டப் பாகுபாடுகள் குறித்து ஒரு பொறியியல் மாணவியின் கேள்வி

கீழக்கரை மாணவி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் குடிசார் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பொறியாளர்களுக்கான சட்ட அடிப்படைகள் என்ற பாடம் இந்தப் பருவத்தில் எங்களுக்கு இருக்கிறது. பாடக் குறிப்பில் சட்டம் பல வகையாகப் பிரித்துக் காட்டப்பட்டுள்ளது. பொதுச் சட்டமும் தனியார் சட்டமும், உரிமையியலும் குற்றவியலும், உரிமைகளையும் கடமைகளையும் வகுக்கும் மூலச் சட்டமும் அவற்றை நிலைநாட்டும் வழியைச் சொல்லும் நடைமுறைச் சட்டமும், உள்நாட்டுச் சட்டமும் பன்னாட்டுச் சட்டமும் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றுக்கும் வரையறை கேட்டால் எழுதிவிடுவேன். ஆனால் ஆசிரியர் கொடுத்த பயிற்சிக் கேள்வி ஒன்றில் அந்த வரையறைகள் எதுவும் எனக்கு உதவவில்லை.

கேள்வி இதுதான். கடற்கரைக் கிராமம் ஒன்றில், கடலிலிருந்து 200 மீட்டருக்குள் ஒரு ஐஸ் கம்பெனி இருக்கிறது. கட்டி முடித்து இரண்டு ஆண்டுகளே ஆன நிலையில், இயந்திரம் நிற்கும் கான்கிரீட் தளம் வெடித்து இறங்குகிறது. அதனால் குழாய் இணைப்பு விலகி, அம்மோனியா வாயு அதிகாலையில் பக்கத்து மீனவர் தெருவுக்குப் பரவுகிறது. தொழிலாளி ஒருவர் இறந்துபோகிறார். தெருவில் பலருக்கு மூச்சுத்திணறலும் கண்ணெரிச்சலும் ஏற்படுகின்றன. ஒப்பந்தத்தில் எழுதியதைவிடக் குறைந்த கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் தடிமன்) வைத்துக் கம்பி கட்டப்பட்டிருந்ததும், உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்திருந்ததும் பிறகு தெரியவருகின்றன. இது எந்த வகைச் சட்டத்தின் கீழ் வரும் என்று காரணத்துடன் எழுத வேண்டும்.

குற்றவியல் என்று எழுதினால் இழப்பீடு விடுபடுகிறது. உரிமையியல் என்று எழுதினால் இறந்தவருக்கு நீதி எங்கே என்ற கேள்வி எழுகிறது. இன்னொரு ஐயமும் உண்டு. கான்கிரீட் கட்டுமானத்துக்கான ஐஎஸ் 456 போன்ற தர விதிகளைச் சட்டம் என்று சொல்லலாமா? அவற்றை மீறுவது சட்டமீறல் ஆகுமா? விவரம் அறிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் என்னைப் போன்ற பலருக்கும் உதவியாக இருக்கும்.

இராமநாதபுரம் வழக்கறிஞர்

அன்புள்ள மாணவிக்கு, நீங்கள் தடுமாறிய இடம் சரியான இடம். பாடநூல்கள் பாகுபாட்டைக் கட்டம் போட்டுக் காட்டுவதால், ஒரு நிகழ்வை எடுத்து ஏதேனும் ஒரு கட்டத்துக்குள் வைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் மாணவர்களுக்கு வந்துவிடுகிறது. நிகழ்வு எந்தக் கட்டத்துக்கும் சொந்தமானதன்று. அதிலிருந்து எழுகின்ற ஒவ்வொரு கோரிக்கைக்கும்தான் வகை உண்டு. யார், யார்மீது, எதைக் கேட்டு, எந்த மன்றத்துக்குப் போகிறார் என்று முதலில் கேளுங்கள். வகை தானாகவே தெரிந்துவிடும். உங்கள் ஐஸ் கம்பெனியிலிருந்து குறைந்தது நான்கு கோரிக்கைகள் எழுகின்றன.

முதலில் அரசு வருகிறது. தொழிலாளி ஒருவர் இறந்திருப்பதால் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாகும். 2024 ஜூலை 1 முதல் 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் அதன் 106-ஆம் பிரிவில் வருகிறது. இங்கே வழக்கை நடத்துவது இறந்தவரின் குடும்பம் இல்லை, அரசுதான். ஏனென்றால் குற்றம் என்பது சமூகம் முழுவதற்கும் எதிரான தவறாகக் கருதப்படுகிறது. கேட்கப்படுவது தண்டனை. ஒருவரின் சுதந்திரமே பறிபோகக்கூடும் என்பதால், நியாயமான ஐயத்துக்கு இடமில்லாத அளவுக்கு அரசு தன் பக்கத்தை மெய்ப்பிக்க வேண்டும். குற்றவியல் சட்டம் பொதுச் சட்டத்தின் கிளையாக வைக்கப்பட்டிருப்பதற்குக் காரணமும் இதுவே: ஒரு பக்கத்தில் எப்போதும் அரசு நிற்கிறது.

அடுத்து, தெருவில் வாயுவைச் சுவாசித்தவர்கள். இவர்களுக்கும் ஐஸ் கம்பெனிக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஆனாலும் அவர்களுக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உண்டு. இதைத் தீங்கியல் சட்டம் என்கிறோம். இது தனியார் சட்டத்தின் ஒரு கிளை. கவனக்குறைவை அடிப்படையாகக் கொண்டு வழக்குத் தொடுத்தால், எது நடந்திருக்க அதிக வாய்ப்பு உண்டோ அதை நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும்; குற்றவழக்கின் அளவுக்கு மெய்ப்பிக்கத் தேவையில்லை. இந்தியாவில் தீங்கியலின் பெரும்பகுதி சட்டமன்றம் இயற்றிய நூலில் இல்லை. அது தீர்ப்புகளில் வளர்ந்தது. அந்த வளர்ச்சியில் ஒரு பகுதியைப் பொறியியல் மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இங்கிலாந்தில் ஓர் ஆலை முதலாளி தன் ஆலைக்குத் தண்ணீர் தேக்க நீர்த்தேக்கம் கட்டினார். வேலையைத் தகுந்த பொறியாளரிடமும் ஒப்பந்ததாரரிடமும் ஒப்படைத்திருந்தார். தேக்கத்தின் அடியில் கைவிடப்பட்ட சுரங்கக் குழிகள் இருந்தன. வேலை செய்தவர்கள் அவற்றைச் சரியாக அடைக்கவில்லை. தண்ணீர் நிரம்பியதும் அது அந்தக் குழிகள் வழியே இறங்கிப் பக்கத்துச் சுரங்கத்தை மூழ்கடித்தது. முதலாளி தனிப்பட்ட முறையில் எந்தக் கவனக்குறைவும் செய்யவில்லை. இருந்தும், தப்பினால் தீங்கு செய்யக்கூடிய பொருளைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தவரே அது தப்பியதற்குப் பொறுப்பு என்று 1868-ல் அந்நாட்டின் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. இதுவே ரைலண்ட்ஸ் எதிர் பிளெட்சர் வழக்கு. இதில் பிறந்ததைக் கண்டிப்பான பொறுப்பு என்று சொல்கிறோம். இதற்கு இயற்கைப் பேரிடர், வெளியாள் செய்த செயல் போன்ற விலக்குகள் உண்டு.

1985 டிசம்பர் 4 அன்று டெல்லியில் ஸ்ரீராம் ஆலையிலிருந்து ஓலியம் (புகையும் கந்தக அமிலம்) வாயு கசிந்தது. போபால் துயரம் நடந்து அப்போதுதான் ஓராண்டு முடிந்திருந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், தலைமை நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அரசியல் சாசன அமர்வு 1986 டிசம்பரில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில விதி இன்றைய இந்தியத் தொழில்களுக்குப் போதாது என்று கருதி முழுமையான பொறுப்பு என்ற கோட்பாட்டை வகுத்தது. இயல்பிலேயே ஆபத்தான தொழிலை நடத்தும் நிறுவனம், அதனால் விளையும் தீங்குக்கு விலக்கு எதுவுமின்றி ஈடு செய்ய வேண்டும். நிறுவனம் எவ்வளவு பெரியதோ அதற்கேற்ப இழப்பீடும் அமையலாம் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. ஒரு கிராமத்து ஐஸ் கம்பெனியை இந்த வகையில் சேர்க்கலாமா என்பது வாதத்துக்கு உரியது. சேமித்து வைத்திருந்த அம்மோனியாவின் அளவும் குடியிருப்பு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்பதும் அந்த வாதத்தில் முக்கியமாகும். சேர்க்கலாம் என்ற பக்கத்தில் நான் நிற்பேன். விடைத்தாளில் நீங்கள் இரு பக்கத்தையும் எழுதுங்கள்.

இழப்பீட்டுக்கு இன்னொரு கதவும் இருக்கிறது. 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. விபத்து வழக்குகளில் எதிர்த்தரப்பின் தவறை மெய்ப்பிக்கத் தேவையில்லாமலேயே அது நிவாரணம் அளிக்க முடியும். விண்ணப்பிக்க ஐந்து ஆண்டுகள் அவகாசம் உண்டு.

மூன்றாவது, ஐஸ் கம்பெனி உரிமையாளருக்கும் கட்டிய ஒப்பந்ததாரருக்கும் இடையே உள்ள வழக்கு. இது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்கு உரியது. முற்றிலும் தனியார் சட்டம். சொன்ன கவரைச் சொன்னபடி வைக்காதது ஒப்பந்த மீறல். அந்த மீறலிலிருந்து இயல்பாக எழும் நட்டத்துக்கு 73-ஆம் பிரிவு ஈடு கேட்க வழிசெய்கிறது. தெருவில் இருந்தவர்களோ இந்த ஒப்பந்தத்தை வைத்து ஒப்பந்ததாரர்மேல் வழக்குப் போட முடியாது, ஏனென்றால் அவர்கள் அதில் தரப்பினர் இல்லை. ஒரே கம்பி, ஒரே துரு, ஆனால் யார் கேட்கிறார் என்பதைப் பொறுத்துச் சட்டத்தின் வகை மாறிவிடுகிறது.

நான்காவது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் மற்ற அரசு அலுவலகங்களும் எடுக்கும் நடவடிக்கை. ஆலையை மூடச் சொல்லி ஆணை வரலாம். 1981-ஆம் ஆண்டின் காற்று மாசுத் தடுப்புச் சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. இது நிர்வாகச் சட்டம், பொதுச் சட்டத்தின் மற்றொரு கிளை. இங்கே காக்கப்பட வேண்டிய கொள்கை இயற்கை நீதி: பாதிக்கப்படுபவரின் தரப்பைக் கேட்காமல் அவருக்கு எதிராக முடிவு எடுக்கக் கூடாது, தனக்கே அக்கறை உள்ள விஷயத்தில் ஒருவர் நீதிபதியாக இருக்கக் கூடாது. உடனடி ஆபத்து இருந்தால் முதலில் மூடிவிட்டுப் பிறகு கேட்கலாம். கேட்கவே இல்லை என்றால், உரிமையாளர் அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றத்தில் நீதிப் பேராணை (ரிட்) கோரலாம். நம் மாவட்டத்துக்கு அது 2004 முதல் மதுரைக் கிளையில் நடக்கிறது.

இந்த நான்கும் ஒரே நேரத்தில் நடக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நடக்கலாம். ஒரே குற்றத்துக்கு ஒருவரை இருமுறை வழக்கு நடத்தித் தண்டிக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 20-ஆம் உறுப்பு சொல்கிறது. இழப்பீட்டு வழக்கு தண்டனை இல்லை என்பதால் அந்தத் தடை அதற்குப் பொருந்தாது. குற்றவழக்கில் ஐயத்தின் பலனால் விடுதலை பெற்றவரே உரிமையியல் வழக்கில் ஈடு கொடுக்க நேர்வதும் உண்டு. மெய்ப்பிப்பின் அளவு வேறு என்பதால் அதில் முரண்பாடு இல்லை.

மூலச் சட்டம், நடைமுறைச் சட்டம் என்ற பிரிவு இந்த நான்கின் குறுக்காகவும் ஓடுகிறது. நியாய சன்ஹிதா எது குற்றம் என்று சொல்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா அதை எப்படி விசாரிப்பது என்று சொல்கிறது. ஒப்பந்தச் சட்டம் உரிமையைத் தருகிறது; 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் அந்த உரிமையோடு நீதிமன்றத்துக்குப் போகும் பாதையைத் தருகிறது. பொறியாளர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் தோற்கிறார்கள். உரிமை இருக்கும், ஆனால் ஒப்பந்த மீறல் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்திருக்க மாட்டார்கள், அல்லது எழுத்தில் எதுவுமே இருக்காது.

மண்டபம் ஓய்வுபெற்ற பொறியாளர்

வழக்கறிஞர் ஐயா சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டு, தர விதிகள் பற்றிய உன் இரண்டாவது கேள்விக்கு மட்டும் என் பணி அனுபவத்திலிருந்து விடை சொல்கிறேன், மகளே.

ஐஎஸ் 456 சட்டமன்றம் இயற்றியது அன்று. இந்தியத் தர நிர்ணய அமைவனம் வெளியிட்ட தொழில்நுட்ப ஆவணம். அது தானாக யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் அது சட்டத்துக்குள் நுழைவதற்குப் பல வாசல்கள் இருக்கின்றன. முதல் வாசல் ஒப்பந்தம். ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் ‘வேலை ஐஎஸ் 456-இன்படி நடக்க வேண்டும்’ என்று ஒரு வரி இருந்தால், அந்த நூல் முழுவதும் ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடுகிறது. நம் கரையில் அதன் பொருள் என்ன என்று பார். 2000-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, கடற்கரைச் சூழலில் உள்ள கான்கிரீட் கடுமையான சூழலுக்கு உரியது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அங்கே குறைந்தபட்சம் எம்30 தரமும் 45 மில்லிமீட்டர் கவரும் வேண்டும். கடல்நீர்த் துளி தெறிக்கும் இடம் என்றால் எம்35, 50 மில்லிமீட்டர். அலை ஏறி இறங்கும் பகுதியில் நிற்கும் தூண் என்றால் எம்40, 75 மில்லிமீட்டர். பரமக்குடியில் வீடு கட்டிப் பழகிய கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் அதே 25 மில்லிமீட்டர் கவர் கட்டையை மண்டபத்துக்கும் கொண்டுவந்துவிடுவார்கள். உன் பயிற்சிக் கேள்வியில் நடந்தது அதுவாகத்தான் இருக்கும்.

இரண்டாவது வாசல் அரசு ஆணை. சிமென்ட்டுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணை உள்ளது. ஐஎஸ்ஐ முத்திரை இல்லாத சிமென்ட்டை விற்பதே தவறு. இங்கே தர விதி நேரடியாகச் சட்டத்தின் வலிமையைப் பெறுகிறது. தமிழ்நாட்டில் 2019-இல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும் கட்டட அனுமதிக்கான நிபந்தனைகளை விதிக்கின்றன.

மூன்றாவது வாசலைப் பலர் கவனிப்பதில்லை. ஒப்பந்தத்தில் எழுதவில்லை, ஆணையும் இல்லை என்று வைத்துக்கொள். அப்போதும் கவனக்குறைவு வழக்கில், தகுதியுள்ள ஒரு பொறியாளர் இந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்று நீதிமன்றம் கேட்கும். அதற்குச் சாட்சி சொல்ல வரும் நிபுணர் கையில் எடுப்பது அதே ஐஎஸ் 456-ஐத்தான். ஆகவே தர விதி சட்டமா என்ற கேள்வியைவிட, அது எந்த வாசல் வழியாக இந்த வழக்குக்குள் வருகிறது என்ற கேள்வி உனக்கு அதிகம் பயன்படும்.

ஒப்பந்தத்தைப் பற்றி இன்னொன்று. வேலை தாமதமானால் ‘புயல், மழை’ என்று எழுதிக் காலநீட்டிப்புக் கேட்பது நம் பக்கத்து வழக்கம். ஒப்பந்தச் சட்டத்தின் 56-ஆம் பிரிவு, ஒப்பந்தம் செய்தபின் நிறைவேற்றவே முடியாமல் போகும் செயலைப் பற்றியது. அதன்படி ஒப்பந்தமே செல்லாததாகிவிடும். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை வரும் என்பது இராமநாதபுரம் கரையில் வேலை எடுக்கும் எவருக்கும் தெரியும். அதை எதிர்பாராதது என்று சொல்ல முடியாது. வேலை கடினமாகிவிட்டது, செலவு கூடிவிட்டது என்பதும் அந்தப் பிரிவுக்குள் வராது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் போன்றது வேறு வகை. இந்த இரண்டுக்கும் இடையில் வரும் நிலைகளுக்காகத்தான் ஒப்பந்தத்தில் தனியாக ஒரு விதியை எழுதிவைக்கிறார்கள். அந்த விதியைக் கையெழுத்திடும் முன்பே படிக்க வேண்டும்.

நிர்வாகச் சட்டத்துக்கு எடுத்துக்காட்டு வேண்டும் என்றால் நம் பாம்பனையே பார். 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்ட புதிய இரயில் பாலத்தைக் கட்டி முடித்ததும், கட்டியவர்கள் தாமாகப் பயணி வண்டியை விட முடியாது. 1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டப்படி இரயில்வே பாதுகாப்பு ஆணையர் ஆய்வு செய்ய வேண்டும். அந்த ஆணையர் அமைப்பு இரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. கட்டுபவரும் சரிபார்ப்பவரும் ஒரே கையின் கீழ் இருக்கக் கூடாது என்பதே அதன் காரணம். தனக்கே அக்கறை உள்ள விஷயத்தில் ஒருவர் நீதிபதியாக இருக்கக் கூடாது என்று வழக்கறிஞர் ஐயா எழுதினார் அல்லவா, அந்தக் கொள்கை இப்படி ஓர் அலுவலக அமைப்பாகவே உருவெடுத்திருக்கிறது.

கடைசியாக வேலைத்தளப் பதிவுகள். அளவுப் புத்தகம், கான்கிரீட்டின் வலிமையை அறியும் கனசதுரச் சோதனை முடிவு, கம்பி கட்டி முடித்தபின் கான்கிரீட் போடும் முன் எடுத்த புகைப்படம், தளத்தில் வைத்திருக்கும் ஆணைப் புத்தகம் ஆகியவற்றை அன்றன்றே எழுதிக் கையெழுத்து வாங்கு. நீதிமன்றத்தில் உன் நினைவாற்றலைவிட அவற்றுக்கு மதிப்பு அதிகம்.

கீழக்கரை மாணவி

ஐயா இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கோரிக்கையைப் பார்த்து வகையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இப்போது புரிகிறது. ஆனால் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் என்று ஆசிரியர் ஏன் எழுதினார் என்பது இன்னும் விளங்கவில்லை. அந்த இடத்தில் கட்டியதே தவறா? சட்டம், விதி, அறிவிக்கை என்று பல பெயர்கள் வருகின்றனவே, ஒன்றுக்கொன்று முரண்பட்டால் எது மேலே நிற்கும்? இன்னொன்று: எங்கள் கரையில் சட்டப் புத்தகத்தில் இல்லாத ஊர்க் கட்டுப்பாடுகள் பல இருக்கின்றன. அவற்றைச் சட்டம் மதிக்குமா?

தங்கச்சிமடம் சட்ட மாணவர்

தங்கைக்கு வணக்கம். நான் மீனவக் குடும்பத்திலிருந்து சட்டம் படிக்க வந்தவன். உங்கள் கேள்வியில் முதல் இரண்டுக்கு நான் விடை சொல்கிறேன். ஊர்க் கட்டுப்பாட்டை மூத்த வழக்கறிஞரிடம் விட்டுவிடுகிறேன்.

ஆசிரியர் 200 மீட்டர் என்று எழுதியது கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தை நினைத்துத்தான். 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தைப் பயன்படுத்தி ஒன்றிய அரசு 1991-லும், பிறகு 2011-லும், 2019-லும் இதற்கான அறிவிக்கைகளை வெளியிட்டது. உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லை) நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை அதன் எல்லை. கிராமப்புறக் கடற்கரையில் கட்டுமானம் தடுக்கப்பட்ட பகுதி 2011 அறிவிக்கையில் 200 மீட்டர். 2019-இல் மக்கள்தொகை அடர்த்தி மிகுந்த ஊர்களுக்கு மட்டும் அது 50 மீட்டராகக் குறைந்தது; மற்ற ஊர்களுக்கு 200 மீட்டரே நீடிக்கிறது. அப்படியானால் ஐஸ் கம்பெனி அங்கே இருப்பது தவறு என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள். மீனவர்களுக்குத் தேவையான மீன் உலர்தளம், ஏலக்கூடம், வலை பழுதுபார்க்கும் இடம், ஐஸ் ஆலை போன்றவற்றுக்கு அந்த அறிவிக்கைகளே இடம் கொடுக்கின்றன. விதியைப் படித்து, அதன் விலக்கையும் படித்தவர்தான் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் பெறுவார்.

மேல் கீழ் வரிசைக்கு நம் கரையே நல்ல பாடம் சொல்கிறது. இறால் பண்ணைகளால் நிலத்தடி நீர் உப்பாகிறது, மீனவர்கள் கடலுக்குப் போகும் வழி அடைபடுகிறது என்று எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. 1991 அறிவிக்கையின்படி கடலோர மண்டலத்துக்குள் இறால் பண்ணைத் தொழிலுக்கு இடமில்லை, மரபுவழி வளர்ப்பைத் தவிர மற்றவற்றை அகற்ற வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்று 141-ஆம் உறுப்பு சொல்கிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு ஓர் அறிவிக்கைக்குத் தந்த விளக்கத்தின்மேல் நின்றது. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, அந்த அறிவிக்கையின் தடை கடலோர நீருயிரி வளர்ப்புக்குப் பொருந்தாது என்று முன்தேதியிட்டே மாற்றிவிட்டது. புதிய பண்ணைகளுக்கு 200 மீட்டர் எல்லையும் பதிவும் வைத்தது; 2023-இல் அந்தச் சட்டமும் திருத்தப்பட்டது. அரசியலமைப்பு எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது, அதன் கீழ் நாடாளுமன்றமும் சட்டமன்றமும் இயற்றும் சட்டம், அதன் கீழ் அரசு வகுக்கும் விதியும் அறிவிக்கையும் என்ற வரிசையை இந்த ஒரு வரலாற்றை வைத்தே விளக்கிவிடலாம். அந்த மாற்றம் எங்கள் ஊர்களுக்கு நன்மையா என்பது வேறு விவாதம். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஒன்றியத்துக்கும் மாநிலத்துக்கும் இடையிலான பங்கீடும் இதே கடலில் தெரிகிறது. மீன்வளம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஆட்சிக்குட்பட்ட கடல் எல்லைக்கு அப்பால் நடக்கும் மீன்பிடிப்பு ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. அந்த எல்லை 12 கடல் மைல். காட்டு விலங்குகளின் பாதுகாப்பு 1976-இல் நிறைவேறிய 42-ஆம் திருத்தத்தால், இரு அரசுகளும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலுக்குப் போனது. அதன் விளைவைக் கடலடியில் வாழும் உயிரினமான கடல் அட்டையை எடுத்தவர்கள் அறிவார்கள். எங்கள் தாத்தாக்கள் காலத்தில் அது மற்ற மீன்களைப் போலக் கடலில் எடுத்த பொருள். 2001-இல் அதை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்த்ததும், அதைப் பிடிப்பது மான் வேட்டைக்கு நிகரான குற்றம் ஆனது. உயிரினம் மாறவில்லை, சட்டத்தில் அதற்குக் கொடுத்த இடம் மாறியது. வகைப்பாடு என்பது தேர்வுக்கு மட்டும் உரிய விஷயம் என்று நினைப்பவர்களுக்கு நான் சொல்லும் எடுத்துக்காட்டு இதுதான். அதனால் சிறை சென்றவர்களின் வீடுகள் எங்கள் கரையில் இருக்கின்றன.

இராமநாதபுரம் வழக்கறிஞர்

சட்ட மாணவர் தம்பி நன்றாகவே விளக்கிவிட்டார். வழக்காறு பற்றி மட்டும் எழுதி முடிக்கிறேன்.

இயற்றப்பட்ட சட்டம், நீதிமன்றத் தீர்ப்பு, வழக்காறு ஆகிய மூன்றையும் சட்டத்தின் ஊற்றுக்கண்கள் என்று பாடநூல் சொல்லும். மூன்றாவதைப் பற்றி இந்திய நீதிமன்றங்கள் இன்றும் எடுத்துக்காட்டும் ஒரு தீர்ப்பு நம் இராமநாதபுரத்திலிருந்தே போனது. ஆண் வாரிசு இல்லாமல் இறந்த சேதுபதியின் (இராமநாதபுரம் ஜமீன்தார்) மனைவி, கணவரின் முன் அனுமதி இல்லாமல், உறவினர்களின் இசைவோடு ஒரு பிள்ளையைத் தத்தெடுத்தார். அது செல்லாது என்று மதுரை மாவட்ட ஆட்சியர் வாதாடினார். மதுரை ஆட்சியர் எதிர் முத்துராமலிங்க சேதுபதி என்ற அந்த வழக்கில் 1868-ல், அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவி கவுன்சில் தத்தெடுப்பை ஏற்றது. இந்துச் சட்ட முறையில், தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு எழுதப்பட்ட நூலின் வாசகத்தைவிட வலிமையுடையது என்று அது கூறியது.

இதை வைத்து எல்லா ஊர்க் கட்டுப்பாடும் சட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்தத் தீர்ப்பு சொன்னது சாத்திர நூலின் வாசகத்தைப் பற்றி; நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தை வழக்காறு பொதுவாக வெல்லாது. அந்தச் சட்டமே வழக்காற்றுக்கு இடம் ஒதுக்கியிருந்தால் மட்டுமே அது நிற்கும். வழக்காறு நெடுங்காலமாக, இடையறாது, ஐயமின்றி நிலவியிருக்க வேண்டும். நியாயமானதாக இருக்க வேண்டும். அதை முன்வைப்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். அரசியலமைப்பின் 13-ஆம் உறுப்பு, சட்டத்தின் வலிமை பெற்ற வழக்காற்றையும் சட்டம் என்ற சொல்லுக்குள் அடக்குகிறது. ஆகவே அடிப்படை உரிமைகளுக்கு முரணான வழக்காறு நிலைக்காது. ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு விலக்கி வைக்கும் கட்டுப்பாடு எத்தனை பழையதாக இருந்தாலும் நீதிமன்றத்தில் நிற்காது. விசைப்படகும் நாட்டுப்படகும் வாரத்தின் நாள்களைப் பங்கிட்டுக் கடலுக்குப் போகும் நம் கரையின் ஏற்பாடு வேறு தன்மையது. அது மோதலைத் தவிர்க்கப் பிறந்தது, 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தோடு இணைந்து நடக்கக் கூடியது.

உங்கள் ஐஸ் கம்பெனிக் கேள்வியில் வழக்காற்றுக்கு வேலை இல்லை. விடைத்தாளில் நான்கு கோரிக்கைகளையும் தனித்தனியே எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் தரப்பினர் யார், கேட்பது என்ன, மெய்ப்பிக்கும் கடமை யாருக்கு எந்த அளவுக்கு, மன்றம் எது என்பதைக் குறிப்பிடுங்கள். முழுமையான பொறுப்பு பொருந்துமா என்பதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள், ஆசிரியர் பெரும்பாலும் அங்கேதான் உங்கள் சிந்தனையைப் பார்ப்பார்.